ஒன்றுமில்லாத பதினோரு கிலோ

"மன நிம்மதி வேணும்னா எதிர்ச்சாரிக்குப் போங்க. காணாமப் போன பொருள் வேணும்னா உள்ள வாங்க," என்றாள் கீர்த்தனா.

வாசலில் நின்ற பெண் சிரிக்கவில்லை. "எனக்கு எதுவும் காணாமப் போகலங்க. ஜாஸ்தியாயிடுச்சு."

துப்பறிவாளர் இருசப்பன் செய்தித்தாளை மடித்து வைத்தார். செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு எதிரே, வெளிநாட்டுக்காரர்கள் இஞ்சித் தேநீர் குடிக்கும் கடையின் மாடியில் பன்னிரண்டு வருடமாக அலுவலகம் நடத்துகிறார். குறைந்து போனதைத் தேடச் சொல்லி வந்தவர்கள் உண்டு. கூடிப் போனதைத் தேடச் சொல்லி இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

"உக்காருங்க. எவ்வளவு ஜாஸ்தி?"

"பதினோரு கிலோ."

"சார், என் அத்தைக்கும் இதே பிரச்சனைதான்," என்றாள் கீர்த்தனா. இருசப்பன் பார்த்த பார்வையில் அவள் குறிப்பேட்டைத் திறந்துகொண்டாள்.

வந்தவள் பெயர் மெஹ்விஷ். வயது முப்பத்தொன்று. ஊரில் மூன்று தலைமுறையாக மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி நடத்தும் ஜியாவுல்லாவின் அண்ணன் மகள். அண்ணன் காலமானபின் அவளைப் படிக்க வைத்தவர் அவர்தான். அவள் படித்தது விமானம் ஓட்ட. விற்றுப்போன சிறு விமானத்தை, வாங்கியவரின் ஊருக்கே ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைப்பது அவள் தொழில்.

"கார் டெலிவரி மாதிரி," என்றாள் கீர்த்தனா.

"ஆமா. வழியில ரோடு மட்டும் இருக்காது."

மெஹ்விஷ் மேஜைமேல் வரைபடத்தை விரித்தாள். அது மேஜையைத் தாண்டி இருசப்பனின் மடிவரை வந்தது. நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். புறப்படும் இடம் சென்னை. சேரும் இடம் ஆஸ்திரேலியாவில் டார்வின். நடுவே போர்ட் பிளேர், தாய்லாந்து, சிங்கப்பூர், இந்தோனேசியா என்று பென்சில் கோடு தத்தித் தத்திப் போயிற்று.

"கஷ்டமானது முதல் தாவல்தான். சென்னையிலேர்ந்து போர்ட் பிளேர். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர், ஏழு மணி நேரம், கீழ கடல் மட்டும். பின் சீட்டைக் கழட்டிட்டு அந்த இடத்துல பெரிய பெட்ரோல் டேங்க் வச்சிருக்கோம். அதனால வழக்கமா அனுமதிக்கிற எடையைவிட ஜாஸ்தியா ஏத்திக்க, இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் எழுதி வாங்கியிருக்கேன். அந்த எடையில கடைசி கிலோ வரைக்கும் நிரப்பியாச்சு. இந்தத் திட்டத்தைப் போட்டுப் போட்டு நானே ஒரு கிலோ இளைச்சுட்டேன்."

"நல்ல வேலையா இருக்கே. ஆள் எடுக்கறாங்களா?" என்றாள் கீர்த்தனா.

மெஹ்விஷ் இப்போதும் சிரிக்கவில்லை. உயிர்காக்கும் மிதவைப் படகு, மிதவைச் சட்டை, கருவிப்பெட்டி, ஆயில் டின்கள், ரேடியோ, தண்ணீர், பரிசாக ஒரு சின்ன மூட்டை என்று மொத்தம் பதினோரு சுமைகள். சாச்சா ஜியாவுல்லாவே தன் மண்டித் தராசில் எடை போட்டு, ஒவ்வொன்றிலும் தன் கையால் சீட்டு எழுதிக் கட்டியிருந்தார். சீட்டுகளின் கூட்டுத்தொகை நூற்று நாற்பத்து மூன்று கிலோ. அதை நம்பித்தான் திட்டம். நேற்று மாலை அவள் எல்லாவற்றையும் பேருந்து நிலையத்தருகே பார்சல் அலுவலகத் தராசில் ஒன்றாக ஏற்றிப் பார்த்தாள். நூற்று ஐம்பத்து நான்கு காட்டியது.

"ஏன் ரெண்டாம் தடவை?" என்றார் இருசப்பன்.

"எங்க தொழில்ல எதையும் ரெண்டு தடவை, ரெண்டு கருவியில பாக்கணும். இதுல சாச்சாவுக்கு மகாக் கோபம். ராத்திரி ஒவ்வொரு பையையும் பிரிச்சு லிஸ்ட் வச்சுப் பார்த்தேன். ஒரு ஊசி கூட ஜாஸ்தி இல்ல."

"ஆக, ஒண்ணுமே இல்லாத பதினோரு கிலோ," என்றாள் கீர்த்தனா.

"யாராவது எதையாவது தைச்சு மறைச்சிருந்தா? நாலு நாட்டுச் சுங்கத்துல அந்தப் பையைத் திறந்து காட்டணும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கிளம்பணும். போர்ட் பிளேர்ல இறங்க நாளைக்கு ஒரு நாள்தான் அனுமதி. கப்பல்ல அனுப்பின பெட்ரோல் பீப்பாய் அங்க வந்து காத்துக்கிட்டிருக்கு. இன்னைக்கு நாலு மணிக்குள்ள எடைத் தாள்ல கையெழுத்துப் போட்டு அனுப்பணும். காரணம் தெரியாத எடைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். போடலைன்னா விமானம் போகாது. அடுத்த தடவை என்னைக் கூப்பிடவும் மாட்டாங்க."

இருசப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தேகால்.

மண்டி வாசலில் லாரி ஒன்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. உள்ளே தராசுக்குப் பக்கத்தில், அறுபத்தெட்டு வயதிலும் முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார் ஜியாவுல்லா. நாற்காலிக்குச் சாய்மானம் இருந்தது. அதற்கு அவர் வேலை கொடுத்ததில்லை.

"துப்பறியறவரா? வாங்க. டீ சாப்பிடுங்க. ஆனா ஒண்ணு. என் தராசு மேல சந்தேகம்னா டீயோட கிளம்பிடுங்க."

"தராசை ஒரு தடவை பார்க்கலாமா, பாய்?"

ஜியாவுல்லா எழுந்து, அரசு முத்திரை குத்திய இருபது கிலோ இரும்புக் கல்லை ஒற்றைக் கையால் தூக்கி மேடையில் வைத்தார். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. இருபது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"எங்க அப்பா காலத்துலேர்ந்து ஒரு விவசாயி இந்த வாசல்ல நின்னு எடை தப்புன்னு சொன்னது கிடையாது. ஊர்ல மத்தவங்க சாக்குக் கழிவுன்னு மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிப்பாங்க. இங்க ஒரு கிலோதான். சாக்கு எடை அவ்வளவுதான், அதான் நியாயம். அது எங்க வீட்டு இஜ்ஜத், மானம்."

"அப்ப அந்தப் பதினோரு பையையும் இதே தராசுல இன்னொரு தடவை வச்சுப் பாத்துடலாமே?"

மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"மறு எடை இந்த மண்டியில கிடையாது," என்றார் ஜியாவுல்லா. குரலை உயர்த்தவில்லை. "போட்ட எடை போட்டதுதான். இன்னைக்கு என் பொண்ணுக்காக மறு எடை போட்டா, இத்தனை வருஷம் நம்பினவனுக்கு நான் என்ன பதில் சொல்றது? தராசு சரி. என் கை சரி. நடுவுல ரெண்டு ராத்திரியா அந்தப் பைங்களோட கோடௌன்ல படுத்திருந்தவன் ஒருத்தன். காசி. இன்னைக்கு விடியக்காலையில சொல்லாம கொள்ளாமப் போயிட்டான். இருபத்திரண்டு வருஷம் இங்க உப்பு தின்னவன். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், இனிமே அவன் இந்தப் படி ஏறக்கூடாது."

மெஹ்விஷ் தலையைக் குனிந்துகொண்டாள். காசியின் தோளில் உட்கார்ந்துதான் அவள் முதன்முதலில் விமானம் பார்த்தாள் என்பதை இருசப்பனிடம் வழியிலேயே சொல்லியிருந்தாள்.

பார்சல் அலுவலகத் தராசையும் போகிற வழியில் பார்த்துவிட்டார்கள். அங்கேயும் இரும்புக் கல். அங்கேயும் இருபது. இரண்டு தராசும் நேர்மையானவை, இரண்டும் வேறு வேறு எண் சொல்கின்றன.

"சார், சாமி சத்தியமா பேய்தான்," என்றாள் கீர்த்தனா ஸ்கூட்டரைக் கிளப்பியபடி. "பதினோரு கிலோப் பேய். கைக்குழந்தைப் பேயா இருக்கும்."

"காசி வீட்டுக்குப் போ."

காசியின் மனைவி துணி துவைத்துக்கொண்டே சொன்னாள். "அது வந்து குளிச்சுட்டு, ஒம்பது மணிக்கு மேலதான் மலை சுத்தப் போச்சுது. செருப்பு கூட போட்டுக்கல. கேட்டா, வேண்டுதல்னுச்சு."

அடி அண்ணாமலையில் பிடித்தார்கள். கிரிவலப் பாதையில், வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வெறுங்காலோடு தார்ச் சாலையின் வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்து மிதித்துப் போய்க்கொண்டிருந்தார். அதில்தான் சூடு கம்மி.

"காசி, கொஞ்சம் நில்லு."

"நிக்க முடியாது சார். நடுவுல நின்னா வேண்டுதல் செல்லாது."

"வண்டியில ஏறிக்குங்க, பேசிக்கிட்டே போலாம்," என்றாள் கீர்த்தனா.

"அது இன்னும் செல்லாது."

ஆகவே திருவண்ணாமலை மாவட்டத்தில் முதன்முறையாக ஒரு குற்ற விசாரணை நடந்துகொண்டே நடந்தது. காசி முன்னே. பாலிஷ் போட்ட ஷூ கடிக்க இருசப்பன் அடுத்து. முதல் கியரில் உறுமியபடி ஸ்கூட்டரில் கீர்த்தனா பின்னே. எதிரே வந்த சாமியார் ஒருவர் ஊர்வலம் என்று நினைத்து ஒதுங்கி நின்று கும்பிட்டார்.

"அந்தப் பைங்கள்ல ஏதாவது வச்சியா?"

காசியின் நடை ஒரு கணம் தடுமாறியது. நிற்கவில்லை.

"பாய்க்குத் தெரிஞ்சுபோச்சா?"

கீர்த்தனா ஆக்சிலேட்டரைத் திருக மறந்து வண்டியை நிறுத்திவிட்டு, மறுபடி கிளப்பி ஓட்டி வந்தாள்.

"நேத்து ராத்திரி, பாப்பா பையெல்லாம் பாத்து மூடினப்புறம் வச்சேன் சார். பொய் சொல்ல மாட்டேன். பாப்பா தனியா கடல் மேல போவுது. எனக்கு மனசு கேக்கல. மிதவைச் சட்டை கீது பாருங்க, அதோட உள் பாக்கெட்டுல கோயில் விபூதி ஒரு பொட்டலம். அவங்க வேற சாமி கும்பிடற வூடு. பாய்க்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரேன்னு சொல்லல. அதுக்கும் சேத்துதான் இந்த நடை."

"பொட்டலம் எவ்வளவு எடை?"

"இருபது கிராம் இருக்கும்."

"கண்டுபிடிச்சுட்டோம் சார்," என்றாள் கீர்த்தனா. "இன்னும் பத்து கிலோ தொள்ளாயிரத்து எண்பது கிராம்தான் பாக்கி."

இருசப்பன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஆள் பொய் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் விபூதியை ஒப்புக்கொண்டிருக்க மாட்டான்.

"எடை போடும்போது நீ பக்கத்துல இருந்தியா?"

"நான்தான் தூக்கி வச்சேன். எண்ணு பாய் பக்கமாத்தான் தெரியும். அவர் பாப்பார், சீட்டு எழுதுவார், நான் கட்டுவேன். இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான். ஒரு நாளைக்கு முந்நூறு மூட்டை. பாய் தராசைப் பாத்துக்கிட்டே போன்ல பேசுவார், டிரைவரைத் திட்டுவார், டீ குடிப்பார். கை பாட்டுக்குக் கணக்கா எழுதும். மூளைக்கு வேலையே இல்ல. இன்னா கை சார் அது."

இருசப்பன் நடுச்சாலையில் நின்றுவிட்டார். அவருக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு புளியமரத்தில் சாய்ந்து சிரித்தார்.

"சார், வெயில்," என்றாள் கீர்த்தனா கவலையாக.

"கீர்த்தனா, உன் எடை எவ்வளவு?"

"இது விசாரணையா, அவமானமா?"

"மண்டிக்கு வா. காசி, நீ மலையைச் சுத்தி முடிச்சுட்டு நேரா மண்டிக்கு வா. உன்னைப் படி ஏறக் கூடாதுன்னு பாய் சொல்லியிருக்கார். ஆனா ஏறலாம். நான் பொறுப்பு."

மூன்று மணிக்கு மண்டியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். காசி படிக்குக் கீழே, வீங்கிய பாதங்களோடு, ஏறாமல் நின்றார். மெஹ்விஷ் கையில் எடைத் தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"பாய், பையை மறு எடை போடச் சொல்லல," என்றார் இருசப்பன். "உங்க சட்டம் உங்களோட. என் உதவியாளரை ஒரு தடவை எடை போட்டு, வழக்கம்போல சீட்டு எழுதிக் குடுங்க. இவளை முன்ன எடை போட்டதில்ல, அதனால மறு எடை ஆகாது."

"இது என்ன விளையாட்டு?"

"டீ குடிச்சுட்டேன் பாய். கிளம்பச் சொல்றதுக்கு முன்னாடி இது ஒண்ணு."

கீர்த்தனா செருப்பைக் கழற்றி, கைப்பையைக் கழற்றி, யோசித்து வளையலையும் கழற்றிவிட்டு மேடையில் ஏறினாள். அந்த நேரம் பார்த்து இருசப்பன் கேட்டார். "போன வருஷம் மணிலா விலை எப்படி பாய்?" ஜியாவுல்லா எண்ணைப் பார்த்தார், விலையைச் சொன்னார், சொல்லிக்கொண்டே எழுதினார், சீட்டைக் கிழித்து நீட்டினார். இருசப்பன் அதை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"ஐம்பத்தேழு. மெஹ்விஷ், வந்து தராசைப் பாரும்மா. என்ன காட்டுது?"

"ஐம்பத்தெட்டு."

"பாய், தினம் காலையில வரட்டுமா?" என்றாள் கீர்த்தனா மேடையிலிருந்து. "ரெண்டு மாசத்துல காத்துல பறந்துடுவேன்."

மூட்டைக்காரர்களில் யாரோ சிரித்து, உடனே இருமினார்கள்.

"கை தவறியிருக்கும்," என்றார் ஜியாவுல்லா. முதுகு இன்னும் நேராக இருந்தது. அவரே போய் அந்த இரும்புக் கல்லைத் தூக்கி வைத்தார். எண்கள் ஓடி நின்றன. யாரும் எதுவும் கேட்கவில்லை. பேனா மட்டும் ஓடியது. சீட்டைக் கிழிக்கப் போனவர் கிழிக்காமல் நிறுத்தினார்.

கல்லில் இரும்பெழுத்தில் இருபது. அவர் கையெழுத்தில் பத்தொன்பது.

லாரி டிரைவர் எஞ்சினை அணைத்தார். அந்த அமைதியில் இருசப்பன் மெதுவாகப் பேசினார்.

"தராசு சரி பாய். கையும் நேர்மையான கைதான். அது இத்தனை வருஷமா தராசுல வந்த எல்லாத்துக்கும் சாக்குக் கழிவு ஒரு கிலோ கழிச்சே பழகிடுச்சு. படகுக்கும் ஒரு கிலோ, ரேடியோவுக்கும் ஒரு கிலோ. பதினோரு சுமை, பதினோரு கிலோ. திருடன் வச்சிருந்தா ஒரு பையில மொத்தமா வச்சிருப்பான். பைக்கு ஒரு கிலோன்னு சமமா பங்கு போட மாட்டான். நீங்க ரெண்டு கிலோ கழிக்கிற ஆளா இருந்திருந்தா இருபத்திரண்டு வந்திருக்கும். உங்க இஜ்ஜத்தாலதான் பதினொண்ணோட நின்னுது."

ஜியாவுல்லா சீட்டைப் பார்த்தபடி நின்றார். அவர் முகம் சுருங்கவில்லை. மதிப்புள்ள குடும்பத்து மனிதன் தவறு செய்யாதவன் அல்ல. செய்ததை எந்த வாசலில் செய்தானோ அந்த வாசலிலேயே இறக்கி வைப்பவன். அவர் படியிறங்கித் தெருவுக்குப் போனார்.

"காசி. காலையில எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொன்னேன். இப்ப எல்லார் முன்னாடியும் அதைத் திரும்ப எடுத்துக்கறேன். தப்பு என் கையில. மன்னிச்சுக்க."

"விடுங்க பாய்," என்றார் காசி. அழுகையும் கால்வலியும் சேர்ந்து அவருக்கு அதற்குமேல் வரவில்லை. ஜியாவுல்லா அவர் தோளில் கைபோட்டுப் படி ஏற்றி, தராசுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த நாற்காலியில் வேறொருவர் சாய்ந்து உட்கார்ந்ததை மண்டி அன்றுதான் பார்த்தது.

மணி மூன்றேகால்.

"காரணம் தெரிஞ்சுபோச்சு. ஆனா எடை குறையலையே," என்றாள் மெஹ்விஷ். "பதினோரு கிலோ இறக்கியாகணும். படகை இறக்க முடியாது. பெட்ரோலைக் குறைக்க முடியாது."

"பதினொண்ணு இல்லம்மா, பன்னிரண்டு," என்றார் இருசப்பன். "நீ ஒரு கிலோ இளைச்சதா சொன்னியே, அந்த எடை எங்க போட்ட?"

மெஹ்விஷ் தராசைப் பார்த்தாள். சாச்சாவைப் பார்த்தாள். மெதுவாக ஏறி நின்றாள். ஐம்பத்தாறு.

"அந்த சந்தோஷத்துல ரெண்டு நாளா பிரியாணி சாப்பிட்டேன்," என்றாள் பரிதாபமாக. அன்று முதன்முறையாகச் சிரித்ததும் அப்போதுதான்.

ஜியாவுல்லா பதினோரு சுமைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியில், மண்டியின் பெயர் அச்சடித்த சின்னச் சாக்கு மூட்டையின் முன் நின்றார். பொறுக்கியெடுத்த மணிலாக்கொட்டை. விமானம் வாங்கியவருக்கு இந்த வீட்டுப் பெண் வெறுங்கையோடு போய் நிற்கக்கூடாது என்று அவரே கட்டி வைத்தது. சீட்டில் பன்னிரண்டு.

"இதுல மட்டும் சாக்கு இருக்கே," என்றார் தமக்குள் பேசுவதுபோல. "இதுக்குக் கழிச்சது சரிதானே?"

"விமானத்துக்குச் சாக்கும் எடைதான் சாச்சா."

அவர் மூட்டையை எடுத்துத் தராசில் வைத்தார். மூன்று தலைமுறையில் முதல் மறு எடை. காசி குரல் கொடுத்தார். "பதிமூணு." பிறகு ஜியாவுல்லாவே அதைத் தூக்கி ஓரமாக, சென்னைக்குப் போகும் வேனில் ஏறாத பக்கம் வைத்தார்.

"சாச்சா, அதை டார்வின்ல எப்படியும் வாங்கிக் குப்பையில போட்டுடுவாங்க. வெளிநாட்டு விதை உள்ள விட மாட்டாங்க. உங்ககிட்ட சொல்ல தைரியம் வரல."

"ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கடலைத் தாண்ட தைரியம் இருக்குது," என்றாள் கீர்த்தனா. "சாச்சாவைத் தாண்டத்தான் இல்ல."

ஜியாவுல்லாவின் மீசை லேசாக அசைந்தது. எடைத் தாளைக் கையில் எடுத்தார். காசி ஒவ்வொன்றாக எண்ணைச் சொல்ல, சொன்னது சொன்னபடி திருத்தி எழுதினார். ஒவ்வொரு முறையும் பேனா ஒரு நொடி தயங்கி, பிறகு பணிந்தது. கூட்டிப் பார்த்தார்கள். அனுமதித்த எடைக்கு ஒரு கிலோ கம்மி. மெஹ்விஷ் கையெழுத்துப் போட்டபோது மணி மூன்று ஐம்பது.

பைகளைக் கட்டும்போது ஜியாவுல்லா மிதவைச் சட்டையின் உள் பாக்கெட் லேசாகப் புடைத்திருப்பதைப் பார்த்துக் கை விட்டார். காசி கண்ணை மூடிக்கொண்டார். பொட்டலம் வெளியே வந்தது. ஜியாவுல்லா அதைப் பிரிக்காமல், முகர்ந்துகூடப் பார்க்காமல், நேரே தராசு மேடையின் நடுவில் வைத்தார்.

"எதுவும் எடை போடாம ஏறக்கூடாது. எவ்வளவு காசி?"

காசி ஒற்றைக் கண்ணைத் திறந்தார். அவ்வளவு பெரிய தராசுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எண் அசையவில்லை.

"ஒண்ணுமே காட்டல பாய்."

ஜியாவுல்லா பொட்டலத்தை எடுத்து, இருந்த இடத்திலேயே பத்திரமாகத் திரும்ப வைத்துப் பொத்தானைப் போட்டார். பிறகு சீட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனாவை ஊன்றினார்.

"பாய், இதுக்கு மட்டும் கழிச்சுடாதீங்க," என்றாள் கீர்த்தனா. "அப்புறம் எஞ்சின் போடறதுக்கு முன்னாடியே விமானம் மேல போயிடும்."